நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முப்பத்துமூன்று வயதில் பணி ஓய்வு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் என் கோப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது: விருப்ப ஓய்வு, ஒன்பது ஆண்டுப் பணி. வரும் கல்வியாண்டிலிருந்து மாணவர்கள் ஆய்வேட்டைத் தாங்களே கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டு வருவார்கள். அதன் படிவத்தைச் சரிபார்க்கும் வேலை நூலகத்துக்குப் போகிறது. என்னைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். எனக்கு அங்கே போக விருப்பமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பொறுப்பை ஒப்படைத்த வாரத்தில், நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் பழைய ஆய்வேடுகள் மூன்றைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். மூன்றிலும் பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. மூன்றிலும் ஒரே வாசகம், கீழே என் பெயர். "மேடம், ஆய்வேடு அவங்க எழுதினது. பிழைன்னு போட்டு உங்க பேரை எதுக்கு ஒட்டியிருக்காங்க?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் மாலை ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டது. கல்லூரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இது.

நான் படித்தது அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. அதன்பின் ஆறு மாதம் தி.நகரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. தொண்ணூற்றொன்றில், அடையாறு பாலத்தைத் தாண்டி இருக்கும் இந்த இறையியல் கல்லூரியில் 'ஆய்வேட்டுப் பிரிவு உதவியாளர்' வேலை கிடைத்தது. குருவானவர்களாகப் போகிறவர்கள் இங்கே நான்கு வருஷம் படித்துக் கடைசி வருஷத்தில் ஓர் ஆய்வேடு எழுதுவார்கள். அவர்கள் கையால் எழுதித் தருவதை நான் கம்ப்யூட்டரில் அடித்து, அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்த்து, படிவச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. "ஆத்துக்கு வரவா எல்லாரும் கேக்கறா, பாதிரியார் காலேஜ்ல உனக்கு என்னடி வேலைன்னு. நான் என்னன்னு சொல்றது?" என்றாள் அம்மா. அடிக்குறிப்பு பார்க்கிற வேலை என்று சொல்லச் சொன்னேன். அம்மா கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லிக்கொண்டாள்.

வேதாகமத்தின் அறுபத்தாறு நூல்களுடைய பெயர்களையும் சுருக்கக் குறியீடுகளையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்ய இரண்டு வாரம் ஆயிற்று. எல்லாம் பஸ்ஸில்தான். பயிற்சி என்று சொன்னால் அது ஒன்றுதான்.

என் மேலதிகாரி, படிப்புப் பிரிவின் தலைவர், லில்லி மேடம். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மொபெட்டில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று யாருடைய அத்தியாயத்தையாவது படித்துக்கொண்டிருப்பார். தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரு வரியின் மேல் விரலை வைப்பார். "இத யார் சொன்னது?" என்பார். அவ்வளவுதான். பதில் கிடைக்கும்வரை விரலை எடுக்கமாட்டார். கேன்டீன் காபி இன்று நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட அதே கேள்விதான், முகத்தில் சிரிப்பில்லாமல்.

அந்தக் கேள்வி இங்கே ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஊர்களில் பிரசங்கம் செய்து பழகியவர்கள். பிரசங்க மேடையில் யாரும் பக்க எண் சொல்வதில்லை. "ஒரு தேவமனிதர் சொன்னார்" என்று தொடங்கினால் சபை கேட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலும் 'ஒரு தேவமனிதர்' என்றே எழுதிவிடுவார்கள். "அந்த தேவமனிதருக்கு ஊர் இல்லையா, பேர் இல்லையா, புஸ்தகம் போட்டவங்க இல்லையா?" என்பார் மேடம். ஒருவர், 'பரிசுத்த ஆவியானவர் உணர்த்தியது, அதிகாலை நான்கு மணி' என்று அடிக்குறிப்பு கொடுத்திருந்தார். மேடம் அதை வெகுநேரம் பார்த்தார். கடைசியில் நான்கு மணி என்பதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்துக்கு மாற்றச் சொன்னார். இன்னொருவர், 'மேற்படி நூல்' என்று போட்டிருந்த அடிக்குறிப்புக்கு முன்னால் புதிதாக ஒரு பத்தியை, அதற்கொரு தனி அடிக்குறிப்போடு, செருகிவிட்டார். உபவாசத்தைப் பற்றி ஆதித் திருச்சபைப் பிதா ஒருவர் சொன்னது, விடுதிச் சாப்பாட்டு விதிகள் என்ற துண்டுப் பிரசுரத்தின் பேரில் போய் உட்கார்ந்துகொண்டது.

என் மேசை நூலகக் கூடத்தின் ஒரு மூலையில்தான். வேலை வரிசையானது. இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம், தைப்பதற்காக. மற்ற மூன்று பக்கமும் ஓர் அங்குலம். மேற்கோள் நான்கு வரியைத் தாண்டினால் உள்தள்ளித் தனிப் பத்தி. அடிக்குறிப்பில் ஆசிரியர், நூல், பதிப்பித்த ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். இதில் ஒன்று குறைந்தாலும் தாள் திரும்பும். இதையெல்லாம் பார்த்து முடித்தபின் வருவது பத்துச் சீட்டு.

பத்துச் சீட்டு மேடம் ஏற்படுத்திய வழக்கம். ஒரு பிஸ்கட் டப்பாவில் எண் எழுதிய அட்டைத் துண்டுகள் இருக்கும். ஆய்வேட்டில் எத்தனை அடிக்குறிப்போ அத்தனை துண்டு. மாணவர் கையை விட்டுப் பத்து எடுக்க வேண்டும். அந்தப் பத்து அடிக்குறிப்புகளும் குறிப்பிடும் புத்தகங்களை அன்று மாலை ஐந்து மணிக்குள், அந்தந்தப் பக்கத்தில் காகிதம் வைத்து, என் மேசையில் கொண்டுவந்து அடுக்க வேண்டும். மேடம் நின்றுகொண்டே பத்தையும் படிப்பார். புத்தகத்தைப் பார்க்காமல் இன்னொருவர் ஆய்வேட்டிலிருந்து அடிக்குறிப்பை எடுத்து வைத்தவர்கள் இங்கே பிடிபடுவார்கள். பிடிபட்டால் விதி ஒன்றுதான்: ஆய்வேடு திரும்பும், ஒரு வருஷம் போகும்.

இனி என் பட்டியல். சேர்ந்த முதல் வருஷமே எனக்கு ஒன்று உறுத்தியது. ஒரே புத்தகத்தை ஐந்து மாணவர்கள் ஐந்து விதமாக எழுதுகிறார்கள், ஐந்து தடவையும் நான் திருத்துகிறேன். ஆகவே ஒரு நீள நோட்டில் புத்தகங்களையும், அடிக்கடி எடுத்தாளப்படும் மேற்கோள்களையும் அவற்றின் பக்க எண்களோடு எழுதிக்கொண்டேன். பிறகு அதை அப்படியே ஃப்ளாப்பியில் ஏற்றினேன். யார் ஆய்வேட்டில் அந்தப் புத்தகம் வந்தாலும் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். வேலை பாதியாகக் குறைந்தது. பக்க எண்ணைக் குறிக்க மறந்துவிட்டு வருகிற மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள், பட்டியலைப் பார்த்துச் சொல்வேன். உதவி என்றே நினைத்தேன். மேடம் ஒரு கூட்டத்தில் முதல்வரிடம் என் பட்டியலைப் பாராட்டிப் பேசினார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சாமுவேல் துரை வந்தது என் ஆறாவது வருஷத்தில். கடைசி வருஷ மாணவர், ஆனால் வயது முப்பத்தெட்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினோரு வருஷம் உபதேசியாராக இருந்தவர். குருவானவர் மாதம் ஒரு தடவை வரும் ஊரில் மீதி நாள்களெல்லாம் சபையைப் பார்த்துக்கொள்கிறவர் உபதேசியார். ஊரில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவருடைய திருமண்டலம், அதாவது அந்தப் பகுதிச் சபைகளின் நிர்வாகம், அவரைப் படிக்க அனுப்பியபோதே சொல்லியிருந்தது: இந்த வருஷம் பட்டத்தோடு வந்தால் குருவானவராக அபிஷேகம். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். அவர் மறுபடி உபதேசியார், அது கடைசிவரைக்கும். அபிஷேக ஆராதனைக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அவர் ஆய்வேடு, கிராமத்துச் சபைகள் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையைப் பற்றியது. கையெழுத்து பெரிது, நீல மை. நான் அடித்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை பத்துச் சீட்டு எடுத்தார். ஒன்பது புத்தகமும் சரியாக இருந்தன. பத்தாவது, நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு. நூலகத்தின் கண்ணாடி பீரோவில் இருக்கும் பழைய மிஷன் அறிக்கை, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு; அடிக்குறிப்பில் இருந்த எண்ணை மட்டும் பார்த்து அங்கே காகிதம் வைத்திருந்தார். மேடம் அந்தப் பக்கத்தைத் திறந்தார். அங்கே பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகளின் எண்ணிக்கை அட்டவணை இருந்தது. அறுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சாமுவேல் துரை புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். சற்று நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். மேற்கோள் அங்கே சொல்லுக்குச் சொல் இருந்தது.

கைத்தவறு என்று அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் ஏதோ புத்தகம் கேட்டு அப்போது உள்ளே வந்தார். இந்த மேற்கோளை எங்கோ பார்த்திருக்கிறேனே என்றார். அலமாரிக்குப் போய் முந்தைய வருஷங்களின் ஆய்வேடுகளைப் புரட்டினார். மூன்று ஆய்வேடுகளில் அதே மேற்கோள். மூன்றிலும் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.

எங்கள் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. பழைய வேதச் சுவடிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்கள் ஆளுக்கொரு பிழை செய்வார்கள். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தவை. சரியாக எழுதியிருப்பது ஒத்துப்போனால் அது எதையும் காட்டாது. பிழை ஒத்துப்போக வேண்டும். பேராசிரியர் இதை இருபது வருஷமாக நடத்துகிறவர். நான்கு ஆய்வேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது புஸ்தகத்துலேர்ந்து வரல. இதுலேர்ந்து அது, அதுலேர்ந்து இது" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கு அது கணக்கு மாதிரி.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் கேட்டார்; சாமுவேல் துரை மிஷன் அறிக்கையை மூடி மேசை ஓரத்தில் வைத்தார். புதன்கிழமை மூன்று மணிக்கு ஆய்வுக் குழு கூடும் என்று முடிவாயிற்று. நான்கு ஆய்வேடுகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிக்கும் வேலை எனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தேன். வருஷம், மாணவர், அடிக்குறிப்பு எண், பக்க எண் என்று நான்கு கட்டம் போட்டேன். அட்டவணை என்றால் எனக்கு ஐந்து கட்டம் போட்டுப் பழக்கம். ஐந்தாவதாக 'எங்கிருந்து' என்று எழுதினேன். அதில் எதை நிரப்புவது என்று யோசித்தேன். நான்கு ஆய்வேடுகளையும் அடித்தது யார்? நான். அடிக்குறிப்பை எங்கிருந்து எடுத்து அடித்தேன்?

ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். மிஷன் அறிக்கை, அறுப்பு மேற்கோள், பக்கம் 212. அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீள நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில், கறுப்பு மையில், பக்கம் 112. கீழே சிறிதாக, 'புத்தகத்தைப் பார்த்து எழுதியது'. அப்போது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று பேரில் முதலாமவர் பக்க எண்ணைத் தொலைத்துவிட்டு வந்து கேட்டார். நானே கண்ணாடி பீரோவைத் திறந்து பார்த்து நோட்டில் எழுதினேன். நோட்டிலிருந்து ஃப்ளாப்பிக்கு ஏற்றும்போது விசைப்பலகையில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டில் விரல் பட்டிருக்கிறது.

மூன்று பேர் கதை புரிந்துவிட்டது. சாமுவேல் துரை? அவர் எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருந்தது?

அவரை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் பிடித்தேன். எழுதிக் கொடுத்த தாளில் எந்த எண் இருந்தது என்று கேட்டேன். சொன்னார்.

"நான் கண்ணாடி பீரோவுக்கு முன்னால நின்னுகிட்டே எழுதுனது சிஸ்டர். நூத்திப் பன்னெண்டுன்னுதான் எழுதுனேன். நீங்க இருநூத்திப் பன்னெண்டுன்னு அடிச்சுக் குடுத்திய. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு நானும் விட்டுட்டேன்."

"நேத்து மேடம் கேட்டப்போ இதைச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? எங்கிட்ட என்ன சாட்சி இருக்கு? மாட்டிக்கிட்டதும் அடுத்த ஆள் மேல போடுதான்னு சொல்வாவ." வகுப்புக்குள் போகத் திரும்பியவர் நின்று, "வீட்டுக்கு இன்னும் எழுதல சிஸ்டர். சின்னது அங்கி தைக்க அளவு எடுத்தாச்சான்னு கேட்டு எழுதியிருக்கு" என்றார்.

சாட்சி என்று ஒன்று இருந்தால் அது அவர் கையெழுத்துத் தாள். அடித்து முடித்த கையெழுத்துப் பிரதிகளை ஒரு சாக்கில் போட்டுவைப்போம். பைண்டர் தனசேகர் வந்து அள்ளிக்கொண்டு போவார். அட்டைக்கு உள்ளே கனம் கொடுக்க ஒட்டுவதற்கு அந்தத் தாள்கள். சாக்கு இருந்த இடத்துக்குப் போனேன். காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சிந்தாதிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். கூவத்தை ஒட்டிய சந்தில் அவர் கடை. கதவு முழுக்க மைதாப் பசை காய்ந்து செதில் செதிலாக இருந்தது.

"இன்னா மேடம், இம்மாந்தூரம் நீங்களே வந்துகினீங்க? ஒரு போன் பண்ணா நான் வந்திருப்பேன்ல."

சாக்கு மூட்டை எங்கே என்று கேட்டேன்.

"அதுவா, கீது. ஆனா பாதி அட்டைக்குள்ள பூடுச்சே."

சாமுவேல் துரை என்ற மாணவருடையது வேண்டும் என்றேன்.

"பேரெல்லாம் நமக்கு இன்னா தெரியும் மேடம்? நீல மையா, கறுப்பு மையா?"

"நீலம்."

"நீலமா? பொழச்சீங்க போ. நீலம் பசையில ஊறி மேல்தாள் எல்லாம் கறையாக்கிடும். அத்த நான் கடைசியில தான் தொடுவேன்" என்று சொல்லி, மூலையிலிருந்து ஒரு கட்டைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு இருந்த தாளைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் பசைக் கை பட்ட தடம். நீல மையில், பெரிய எழுத்தில், பக்கம் 112. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, என் கையெழுத்தில், 212.

இதைச் செய்ததாக எனக்கு எந்த நினைவும் இல்லை. ஆனால் ஏன் செய்திருப்பேன் என்று தெரிந்தது. அவர் எண் என் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. முன்னால் மூன்று ஆய்வேடுகள் பட்டியலோடு ஒத்துப்போயின. மூன்று ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம். புத்தகம் இருபது அடி தூரத்தில் கண்ணாடிக்குள் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சு? பரீட்சைப் பேப்பரா? யாரு பெயிலு?"

"நாளைக்குத்தான் தெரியும்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் வழக்கம்போல வரிசைப்படுத்தினேன். ஒன்று, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. அட்டவணையில் நான்கு கட்டம் போதும், யாரும் ஐந்தாவதைக் கேட்கவில்லை. இரண்டு, ஃப்ளாப்பியில் தட்டச்சுப் பிழை என்று மட்டும் சொல்வது. அவர் தப்பிப்பார், எனக்கும் சேதம் குறைவு. மூன்று, சிவப்பு மையையும் காட்டுவது. மாணவர் எழுதியதன் பொருளில் ஆய்வேட்டுப் பிரிவு கை வைக்கக் கூடாது என்பது என் நியமனக் கடிதத்தின் இரண்டாவது வரி. அதை மீறினால் வேலை போகலாம். அந்த வருஷம் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. மந்தைவெளி தாண்டும்வரை இரண்டாவதிலேயே நின்றேன். ஆனால் இரண்டாவதைச் சொன்னால், அவர் சரியாக எழுதியிருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பேராசிரியர் கேட்பார். ஆதாரம் இந்தத் தாள். தாளைக் காட்டினால் சிவப்பு மையும் தெரியும். இரண்டாவது வழி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது பாலத்தில் பஸ் ஏறியபோது புரிந்தது.

நாலரை மணிக்கு லில்லி மேடம் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் வழக்கம்போல, "இத யார் சொன்னது?" என்றார்.

தாளையும் நோட்டையும் மேசையில் வைத்தேன். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார்.

"உன் லிஸ்டை நான் பிரின்ஸிபால்கிட்ட தலையில வச்சுக் கொண்டாடியிருக்கேன்."

"தெரியும் மேடம்."

"நாளைக்கு நீயே சொல்லு. நான் சொன்னா அது ரெண்டாம் கைச் சரக்கு."

புதன்கிழமை மூன்று மணி. மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வர், மேடம், பேராசிரியர். இந்தப் பக்கம் சாமுவேல் துரை. நான் ஓரமாக ஒரு நாற்காலியில். பேராசிரியர் நான்கு பிழையும் ஒன்று என்பதை விளக்கி, ஒரே தாய்ப்பிரதி என்ற முடிவைச் சொன்னார். அவர் முடித்ததும் நான் எழுந்தேன். மூன்று பொருளைக் கொண்டுபோயிருந்தேன்: மிஷன் அறிக்கை, நீள நோட்டு, நீல மைத் தாள். மூன்றையும் வரிசையாக வைத்தேன். "சார் சொன்னது சரி. தாய்ப்பிரதி ஒன்றுதான். அது என்னுடைய ஃப்ளாப்பி. புத்தகத்தைப் பார்த்து எழுதியது இவர். அதை மாற்றியது நான்" என்றேன். எழுதி வைத்துக்கொண்டு வந்த வாக்கியங்கள்.

பேராசிரியர் தாளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிக அருகில் வைத்துப் பார்த்தார். முதலில் நீல மை, பிறகு சிவப்பு மை. மேல் எழுத்து எது, கீழ் எழுத்து எது என்று பார்க்கிறார் என்று புரிந்தது. பிறகு சாமுவேல் துரையைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க ஐயரே" என்றார். குருவானவரை அழைக்கும் சொல் அது. அவர் இன்னும் குருவானவர் ஆகவில்லை. அந்தச் சொல்லில்தான் தீர்ப்பு இருந்தது. என் பக்கம் திரும்பி, "தாய்ப்பிரதி எங்கயோ இருக்கணும்னு தெரியும். இதே ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கும்னு நினைக்கல" என்றார். முதல்வர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

ஆய்வேடு ஏற்கப்பட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அது இன்னும் என் கோப்பில் இருக்கிறது, ஓய்வுக் கணக்கு பார்த்தபோது அலுவலகத்தில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

முந்தைய மூன்று ஆய்வேடுகளிலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று தீர்மானம். 'தட்டச்சுப் பிழை' என்று போட்டால் போதும் என்றார் முதல்வர். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. யாருடைய பிழை என்று இல்லாமல் பிழை என்று மட்டும் எழுதினால் அதுவும் ஒரு தேவமனிதர் சொன்னதுதான் என்றார். ஆகவே என் பெயர். நூலகத்துப் பெண்கள் கேட்டது அந்தச் சீட்டைத்தான்.

அந்த மூன்று பேரும் அதற்குள் எங்கெங்கோ சபைகளில் இருந்தார்கள். முதலாமவர் என்னிடம் கேட்டு வாங்கியவர். மற்ற இருவர் அவருடைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதியவர்களா, என்னிடம் கேட்டவர்களா என்பது எனக்குத் தெரியாது. மூவரில் ஒருவர்கூடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்திருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும். அவர்கள் சீட்டு எடுத்தபோது அந்த அடிக்குறிப்பு வரவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்த ஒரே மனிதர் மாட்டிக்கொண்டார். மேடம் மூவருக்கும் கடிதம் எழுதினார். ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது: 'பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதியது என் தவறு.' அந்த அஞ்சலட்டையை மேடம் அந்த ஆய்வேட்டுக்குள்ளேயே வைத்தார். இப்போதும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

நூலகத்துக்கு நான் ஒப்படைத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் பெயர், பார்த்த நாள். காலியாக இருக்கும் வரிகளை நம்ப வேண்டாம். என் பெயர் இருக்கும் வரிகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அந்தப் புதன்கிழமை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கூட்டம் முடிந்து அரைமணி நேரத்தில் நான் திருத்திய தாளை அச்சிட்டேன். பிரிண்டர் கீறிக் கீறி ஒரு பக்கத்தைத் தள்ளியது. சாமுவேல் துரை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டுவார் என்று தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி பீரோவுக்குப் போனார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்து மிஷன் அறிக்கையைக் கொண்டுவந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து, என் தாளைப் பக்கத்தில் வைத்தார். ஒரு விரல் புத்தகத்தில், ஒரு விரல் தாளில். மேற்கோளைச் சொல் சொல்லாகப் படித்தார், பிறகு எண்ணை. அவசரப்படவில்லை. பத்துச் சீட்டு எடுத்த மாணவர்கள் ஐந்து மணிக்கு என் மேசை முன்னால் நிற்பதுபோல நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சரியா இருக்கு சிஸ்டர்" என்றார்.

அதன்பிறகுதான் தாளை எடுத்துக்கொண்டார்.